ஆர்மி சீஃபுக்கு என்ன பவர் இல்லைன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க சார்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ஆர்மி கோச்சிங் சென்டர் நடத்துற சாருங்களுக்கும், அங்க ஜிகே கிளாஸ் எடுக்கற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் பாலக்கோடு பக்கத்துக்காரன். ஆர்மியில ஹவில்தாரா இருந்து பென்ஷன் வந்து இப்ப தக்காளி, சாமந்தின்னு காட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க ஊர்ப் பசங்க சில பேரு உங்ககிட்டதான் படிக்கறானுங்க. மொதல்லயே சொல்லிடறேன், கிரவுண்டு விஷயத்துல உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, விடிகாலைப் பனியில பசங்களை ஓடவிட்டு 1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துக்குள்ள கொண்டாந்துடறீங்க, கம்பியில சும்மா தொங்கிக்கிட்டு இருந்தவன்லாம் இப்ப பத்து புல்அப்ஸ் அடிக்கறான், நாங்க சேர்ந்த காலத்துல இதெல்லாம் சொல்லித்தர ஆளே கிடையாது.

நோட்ஸ்லதான் பிரச்சினை. எந்த சென்டர்னு சொல்ல மாட்டேன், சொல்றதுல பிரயோஜனமும் இல்ல, ஏன்னா ஒருத்தர் நோட்ஸை இன்னொருத்தர் ஜெராக்ஸ் போட்டு எல்லா இடத்துலயும் ஒரே சரக்குதான் ஓடுது. அதுல "சிடிஎஸ் – முப்படைகளுக்கும் ஆணையிடும் தளபதி"ன்னு ஒரு வரி, சிடிஎஸ்னா சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப். அதுக்குக் கீழ கரியப்பாவுல ஆரம்பிச்சு வரிசையா ஆர்மி சீஃப்கள் பேரு, பக்கத்துல வருஷம், அவ்வளவுதான். பசங்க அதை மந்திரம் மாதிரி ஒப்பிக்கறானுங்க. அந்த ஆளுங்க என்ன வேலை பாத்தாங்க, அவங்களுக்கு யாரு ஆர்டர் குடுத்தாங்க, எதை அவங்களால பண்ண முடியாது, இதுல எதைக் கேட்டாலும் பதில் இல்ல.

போன மாசம் பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் என்னைக் கேட்டான், "மாமா, ஆர்மி சீஃப் நெனச்சா நாளைக்கே சண்டையை ஆரம்பிச்சுடலாம்ல?" முடியாதுடான்னேன். "அப்புறம் என்ன மாமா சீஃப்பு?"ன்னு சிரிச்சுட்டான். சிரிச்சதுல தப்பில்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா நாளைக்கு யூனிஃபார்ம் போடப்போற பையன் அவன், அவனுக்கு இது தெரியணும். அந்த நாற்காலியோட வரலாறே, அதுல இருந்த அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வேணும்னே கழட்டி எடுத்த வரலாறுதான், அப்படிக் கழட்டினதாலதான் நம்ம நாட்டுல ராணுவம் பாராக்ஸுக்குள்ள இருக்குதுன்னு நான் நெனைக்கறேன். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இப்ப இருக்கற ஏற்பாட்டைச் சொல்லிட்டுப் பழசுக்குப் போறேன். அரசியல் சாசனம் 53-வது பிரிவு, ரெண்டாவது உட்பிரிவு, படைகளோட உச்சத் தலைமை குடியரசுத் தலைவர்கிட்ட இருக்குது, அதை சட்டத்துக்கு உட்பட்டுத்தான் பயன்படுத்தணும். குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்றபடி நடக்கறவர். ஆக, சண்டையா இல்லையா, எல்லையைத் தாண்டறதா வேண்டாமான்னு முடிவு பண்றது நாம ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளுங்க. சீஃப் அவங்களுக்கு ஆலோசனை சொல்வாரு, முடிவு வந்தப்புறம் நடத்திக் காட்டுவாரு. அவருக்குக் கீழ உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், புனே, லக்னோ, கொல்கத்தான்னு ஆறு கமாண்டு, ட்ரெயினிங்குக்கு சிம்லாவுல ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு லெப்டினன்ட் ஜெனரல் ஆர்மி கமாண்டரா இருப்பாரு. களத்துல துருப்பை நகத்தறது அவங்கதான். அப்துல் கலாம் அய்யா ஆர்மி சர்வீஸ்ல ஒரு நாள் கூட இருந்ததில்ல, ஆனா 2002-லருந்து 2007 வரைக்கும் சீஃப்புங்க அவருக்குத்தான் சல்யூட் அடிச்சாங்க. ராமேஸ்வரத்துக்காரர் உச்சத் தளபதியா இருந்தாருன்னு பசங்ககிட்ட சொல்லிப் பாருங்க, கண்ணு விரியும். உங்க நோட்ஸ்ல அந்த வரியைக் காணோம்.

அப்புறம் அந்த சிடிஎஸ் வரி. அதை இன்னைக்கே அடிச்சுடுங்க. கார்கில் சண்டை முடிஞ்சப்புறம் 2001-ல அமைச்சர்கள் குழு இப்படி ஒரு பதவி வேணும்னு சொல்லுச்சு, கிடப்புல கிடந்து கிடந்து 2020 ஜனவரி 1-ல பிபின் ராவத் மொத சிடிஎஸ்ஸா பொறுப்பேத்தாரு. பதவியை உருவாக்கினப்பவே அரசாங்கம் தெளிவா சொல்லிடுச்சு, மூணு படைத் தளபதிங்க மேலயும் சேத்து அவருக்கு எந்த ராணுவக் கமாண்டும் கிடையாது, சைபர், விண்வெளி மாதிரி முப்படைக்கும் பொதுவான சில அமைப்புங்க மட்டும் அவர் கீழ வரும்னு. பாதுகாப்பு அமைச்சருக்கு முப்படை விஷயத்துல முதன்மை ஆலோசகர், ராணுவ விவகாரத் துறைக்கு செயலாளர், அதுதான் அவரு. 2021 டிசம்பர் 8-ல குன்னூர் பக்கத்துல நஞ்சப்பசத்திரத்துல ஹெலிகாப்டர் விழுந்து ராவத் இறந்தப்ப நம்ம டிவி எல்லாத்துலயும் அவரு என்னமோ மூணு படைக்கும் ஆர்டர் போடறவர் மாதிரியே பேசினாங்க, உங்க நோட்ஸ் அங்கருந்துதான் வந்திருக்கும்னு நெனைக்கறேன். சூலூருக்கு உடலைக் கொண்டு போறப்ப வழி நெடுக சனங்க நின்னு பூப் போட்டாங்களே, அந்த மரியாதை வேற, அதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்ல. பாடம்னு வந்தா சரியாச் சொல்லணும்.

பழைய கதைக்கு வர்றேன். இது நம்ம மண்ணுக்கு ரொம்பக் கிட்ட நடந்த கதை, அதை விட்டுட்டு டெல்லியில இருந்து ஆரம்பிக்கறீங்க.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களோட மொத தலைமைத் தளபதின்னு சொல்றது ஸ்ட்ரிங்கர் லாரன்ஸை. 1748-ல கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து இறங்கின மேஜர் அவரு. அப்ப அது வியாபாரக் கம்பெனியோட காவல்படை, கொஞ்சம் சிப்பாய்ங்களைச் சேர்த்து ட்ரில் குடுத்து ஒரு படையா ஆக்கினாரு. அங்கருந்து நாப்பத்து மூணு வருஷத்துல அந்தப் பதவி எங்க போய் நின்னுச்சு தெரியுமா, நம்ம ஓசூர்ல. காரன்வாலிஸ்னு சொன்னா நிலவரி பாடத்துல மட்டும் ஞாபகம் வரும். அந்த ஆளு கவர்னர் ஜெனரலும் அவரே, தலைமைத் தளபதியும் அவரே. 1781-ல அமெரிக்காவுல யார்க்டவுன்ல வாஷிங்டன் படைகிட்ட சரணடைஞ்ச அதே காரன்வாலிஸ், பத்து வருஷம் கழிச்சு 1791 ஜூலையில திப்புவோட சண்டையில ஓசூர் கோட்டையையும் ராயக்கோட்டையையும் பிடிக்க படையை அனுப்பறாரு. அந்த வருஷக் கடைசியில மேக்ஸ்வெல்னு ஒரு கர்னல் பென்னாகரத்தை முடிச்சுட்டு கிருஷ்ணகிரிக்கு வந்து மலைக்கோட்டையில ஏறப் பாத்து முடியாமத் திரும்பிப் போனாரு. சையத் பாஷா மலையை நிமிந்து பாத்தாலே ஏன் முடியலன்னு புரியும். சண்டையில கிடைக்காத அந்தக் கோட்டை 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில பாராமகால்னு அப்ப சொன்ன நம்ம சீமை மொத்தத்தோட சேர்ந்து கையெழுத்துல கிடைச்சுடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, சண்டை போடலாமான்னு முடிவு பண்றவரும் அவரே, போடறவரும் அவரே, ஜெயிச்சப்புறம் எவ்வளவு நிலம், எவ்வளவு பணம்னு பேரம் பேசறவரும் அவரே. திப்புவோட ரெண்டு பிள்ளைங்களைப் பிணையா வாங்கி வெச்சுக்கிட்டதும் அவரே. கேள்வி கேக்கற ஆளு கப்பல்ல ஆறு மாசத் தூரத்துல லண்டன்ல இருந்தான். ஒரே ஆள் கையில எல்லாம் இருந்தா எப்படி இருக்கும்னு பசங்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் இருக்கா? அதுவும் நம்ம ஊர்ப் பேருங்களோட.

1799-ல மறுபடியும். இந்தத் தடவை மெட்ராஸ் படையோட தலைமைத் தளபதி ஜெனரல் ஹாரிஸ், வேலூர்ல கிளம்பி ஆம்பூர், பாராமகால், ராயக்கோட்டை வழியா ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குப் போறாரு, மாடுங்க மட்டும் ஆயிரக்கணக்குல சாமான் சுமந்துக்கிட்டுப் போயிருக்கு, மே மாசம் திப்பு கதை முடிஞ்சுது. அந்தப் படையில கர்னலா நம்ம ரோட்டுல நடந்து போன ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்பாடு வாட்டர்லூவுல நெப்போலியனைத் தோக்கடிச்ச வெல்லிங்டன். குன்னூர்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருக்கற வெல்லிங்டனுக்கு அவரு பேருதான். சேர்ந்தா உங்க பசங்கள்ல பாதிப் பேரு அங்கதான் போவானுங்க, "வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு கத்துவானுங்க, எந்த வெல்லிங்டன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கத்தட்டும்.

தளபதி போடற ஒரு ஆர்டர் எவ்வளவு தூரம் போவும்ங்கறதுக்கு வேலூர் போதும். மெட்ராஸ் படைக்கு அப்ப தலைமைத் தளபதி சர் ஜான் கிராடாக். சிப்பாய்ங்க புதுசா தொப்பி மாதிரி ஒரு தலைப்பாகை போடணும், அதுல தோல் பட்டை, பரேட்ல நெத்தியில சாதிக் குறி கூடாது, தாடி கூடாது, காதுல கடுக்கன் கூடாதுன்னு ஆர்டர். கீழ இருக்கற ஆளுங்க என்ன நெனைக்கறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல, முடியாதுன்னவங்களைக் கசையால அடிச்சாங்க. 1806 ஜூலை 10 விடியறதுக்குள்ள கோட்டைக்குள்ள நூத்துக்கு மேல வெள்ளைக்கார சோல்ஜருங்க செத்தாங்க, ஆற்காட்டுல இருந்து குதிரைப்படை வந்தப்புறம் சிப்பாய்ங்க நூத்துக்கணக்குல செத்தாங்க. பின்னாடி கிராடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. 1857-க்கு அம்பது வருஷம் முன்னாடி நடந்தது இது. வேலூர் கலகம்னு ரெண்டு மார்க் கேள்வியா மட்டும் இதைப் படிக்கறானுங்களே பசங்க, அந்த ஆர்டரை ஒரு தளபதி சிப்பாய்ங்களைக் கேக்காம போட்டாருங்கறதைச் சேத்துச் சொல்லுங்க.

நடுவுல ஒரு விஷயத்தை வேகமா சொல்லிட்டுப் போறேன். மெட்ராஸ், பாம்பே, பெங்கால்னு மூணு படையா இருந்ததை 1895-ல ஒண்ணாக்கினாங்க. 1902-ல கிச்சனர் தலைமைத் தளபதியா வந்தாரு. வைஸ்ராய் கவுன்சில்ல ராணுவத்துக்குன்னு தனியா ஒரு மெம்பர் இருந்தாரு, தளபதி எதுன்னாலும் அவர் வழியாத்தான் வரணும். கிச்சனருக்கு அது பிடிக்கல, அந்தப் பதவியே வேணாம், எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்னாரு. வைஸ்ராய் கர்சன் அது ஆபத்துன்னாரு. லண்டன் கிச்சனர் பக்கம் சாய, 1905-ல கர்சன் ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாரு. யோசிச்சுப் பாருங்க, வைஸ்ராய் வீட்டுக்குப் போறாரு, தளபதி அங்கயே இருக்காரு! கர்சன் மேல எனக்கு ஒண்ணும் பாசம் இல்ல, வங்காளத்தைப் பிரிச்ச புண்ணியவான் அவரு, ஆனா இந்த ஒரு விஷயத்துல அவரு சொன்னதுதான் சரி.

இப்படி வீங்கி நின்ன பதவிதான் 1947-ல நம்ம கைக்கு வந்துச்சு. மொத வேலையா ஆகஸ்ட் 15-லருந்து நேவிக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் தனித்தனி தளபதி, ஆர்மித் தளபதி அவங்களுக்கு மேல இல்ல. ரெண்டாவது, மேல ஒரு அமைச்சர். மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது, டெல்லியில தலைமைத் தளபதி குடியிருந்த ஃப்ளாக்ஸ்டாஃப் ஹவுஸ்னு ஒரு பங்களா, அதுக்கு 1948-ல நேரு குடி போயிட்டாரு. தீன் மூர்த்தி பவன்னு சொல்றோமே, அதுதான். தளபதி வீடு பிரதமர் வீடாச்சு, இனிமே யாரு பெரியவங்கன்னு காவல் நிக்கற சிப்பாய்க்குக் கூட புரிஞ்சிருக்கும்.

சுதந்திரம் வந்தும் மொத ரெண்டு தளபதிங்க வெள்ளைக்காரங்கதான், லாக்ஹார்ட், அப்புறம் புச்சர். 1949 ஜனவரி 15-ல புச்சர்கிட்ட இருந்து கரியப்பா பொறுப்பை வாங்கினாரு. குடகுக்காரர், அப்ப அம்பது வயசு கூட ஆவல. அந்த நாளைத்தான் ஆர்மி டேன்னு கொண்டாடறோம், நம்மூர்ல அன்னைக்குப் பொங்கலோ மாட்டுப் பொங்கலோ வந்துடும், மாட்டுக்குக் கொம்புல பெயின்ட் அடிக்கற அவசரத்துல யாருக்கும் ஞாபகம் இருக்காது. சரி, அன்னைக்கு நாட்டோட கவர்னர் ஜெனரல் யாரு? நான் கேட்டதுல ஒரு பையனும் சொல்லல. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில பொறந்த ராஜாஜி! 1948 ஜூன்லருந்து 1950 ஜனவரி 26 வரைக்கும் அவருதான். காரன்வாலிஸ் உக்காந்த நாற்காலியில, காரன்வாலிஸ் படை பிடிச்ச ஓசூர் சீமையில பொறந்த மனுஷன் உக்காந்திருக்கறப்பதான் மொத இந்தியத் தளபதி வர்றாரு. கிருஷ்ணகிரி மாவட்டத்துல சென்டர் நடத்திக்கிட்டு இதைச் சொல்லித் தராம இருக்கீங்களே, நியாயமா?

1955-ல சட்டமே போட்டு மூணு படையிலயும் கமாண்டர்-இன்-சீஃப்ங்கற பதவிப் பேரை எடுத்துட்டாங்க, ஆர்மிக்கு சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப். கடைசி கமாண்டர்-இன்-சீஃப்பும் மொத சீஃப்பும் ஒரே ஆள்தான், ராஜேந்திரசிங்ஜி. அதனால உங்க பட்டியல்ல கரியப்பாவை "மொத சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப்"னு போட்டிருக்கறது தப்பு, அவரு மொத இந்தியத் தளபதி. கேள்வித்தாள்ல இதை வெச்சு மடக்கினா பசங்க காலி.

பேரை மாத்தினா எல்லாம் சரியாயிடுமான்னு கேப்பீங்க. ஆவாது. பாகிஸ்தானைப் பாருங்க, நம்ம கூடவே பிரிஞ்ச படை, அதே வெள்ளைக்கார ட்ரெயினிங், அதே மெஸ், அதே பேண்டு. 1951-ல அயூப் கான் அங்க கமாண்டர்-இன்-சீஃப், 1954-ல அந்தப் பதவியில இருந்துக்கிட்டே பாதுகாப்பு அமைச்சரும் ஆனாரு, 1958-ல நாட்டையே எடுத்துக்கிட்டாரு. 1972-ல அவங்களும் பேரை சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப்னு மாத்தினாங்க, மாத்தி என்ன, 1977-ல ஜியா, 1999-ல முஷாரப்னு சீஃப்புங்களே ஆட்சியைப் பிடிச்சாங்க. சட்டம் ஒரு பக்கம், சொன்னாக் கேக்கற பழக்கம் ஒரு பக்கம், நமக்கு ரெண்டும் சேர்ந்து வந்துச்சு.

அந்தப் பழக்கம் சும்மா வரல, உரசல் நிறைய. 1959-ல சீஃப் திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் கூட ஒத்துப்போவாம ராஜினாமா குடுத்துட்டு, நேரு பேசினப்புறம் வாபஸ் வாங்கிட்டாரு. மேனன் சீஃபை மதிக்காம நடந்தாருங்கறது உண்மை, அதோட விலையை 1962 சீனா சண்டையில சிப்பாய்ங்க குடுத்தாங்க, தோத்தப்புறம் சீஃப் தாப்பர் போனாரு, மேனனும் போனாரு. ஆக அரசாங்கம் மேல இருக்கறதுன்னா சீஃப் சொல்றதைக் காதுலயே வாங்காம இருக்கறதுன்னு அர்த்தம் இல்ல. அந்தப் பக்கத்தையும் பசங்களுக்குச் சொல்லணும், இல்லன்னா ஒரு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்ன மாதிரி ஆயிடும்.

1971 நல்ல உதாரணம். ஏப்ரல் மாசமே கிழக்குப் பாகிஸ்தானுக்குள்ள போவணும்னு இந்திரா காந்தி கேட்டப்ப இப்ப முடியாது, மழை வரப்போவுது, படை தயாரா இல்லன்னு சொன்னதா அப்ப சீஃப்பா இருந்த மானெக்ஷா பிற்பாடு மேடைங்கள்ல சொல்லியிருக்காரு. அந்தக் கதையைக் கொஞ்சம் ஏத்திச் சொல்லிட்டாருன்னு சில ஆராய்ச்சியாளருங்க எழுதறாங்க, இருக்கட்டும், நடந்தது என்னமோ டிசம்பர்லதான், 13 நாள்ல முடிஞ்சுது, 93,000 பேரு கைதி. இங்க ஒரு கேள்வி வைங்க, டாக்காவுல சரண்டர் பேப்பர்ல நம்ம பக்கம் கையெழுத்துப் போட்டது யாருன்னு. எல்லாப் பையனும் மானெக்ஷாம்பான். கிழக்குக் கமாண்டோட ஜெகஜித் சிங் அரோரா போட்டாரு. சீஃப் போட்டோவுக்குக் கூட அங்க போவல. மானெக்ஷாவை நம்மாளுன்னே சொல்லலாம், ரிட்டயர் ஆயி குன்னூர்லயே இருந்து 2008-ல வெல்லிங்டன் ஆஸ்பத்திரியில காலமானாரு, ஊட்டியிலதான் அடக்கம்.

எனக்குத் தெரிஞ்ச கதைக்கு வர்றேன். 2001 டிசம்பர் 13-ல பார்லிமென்ட் மேல தாக்குதல். உடனே மொத்த ஆர்மியும் எல்லைக்கு. ஆப்பரேஷன் பராக்ரம். என் யூனிட் ராஜஸ்தான்ல. சீஃப் அப்ப பத்மநாபன், நம்ம சென்னையில பிற்பாடு இருந்து 2024-ல காலமானாரே அவரு. ஜனவரியில அவரு பிரஸ்ல பேசினது ரேடியோவுல வந்தப்ப பங்கர்ல எல்லாரும் இன்னைக்கு ராத்திரியே போவப்போறோம்னு வீட்டுக்குக் கடிதம் எழுதி வெச்சுட்டோம். ராத்திரி போச்சு. மாசம் போச்சு. மே மாசம் ஜம்மு பக்கத்துல காலுசக்ல தீவிரவாதிங்க ஜவானுங்க குடும்பத்தையே சுட்டுட்டானுங்கன்னு நியூஸ் வந்தப்ப ஒருத்தனுக்கும் சோறு இறங்கல, இப்பவாவது ஆர்டர் வரும்னு பாத்தோம், வரல. அம்பது டிகிரி வெயில், மணல் புயல், கண்ணிவெடி புதைக்கறப்பவும் எடுக்கறப்பவும் எத்தனையோ பேருக்குக் கால் போச்சு, உயிரும் போச்சு. அக்டோபர்ல திரும்பிப் போலாம்னு சொல்லிட்டாங்க. எங்களுக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அது பொய். சாயங்காலம் ரோல்கால் முடிஞ்சா எல்லாரும் அதையேதான் பேசுவோம். ஆனா ஒரு ஆளு கூட, சுபேதார் சாப்லருந்து யூனிட்டோட கமாண்டிங் ஆபீசர் சீஓ சாப் வரைக்கும், சீஃப் அரசாங்கத்தைக் கேக்காம அடிச்சுடணும்னு பேசி நான் கேட்டதில்ல. அது எங்க மண்டையில வரவே வராத யோசனை. அதைத்தான் உங்க பசங்க மண்டையிலயும் ஏத்தணும்னு சொல்றேன். 1999 கார்கில்லயும் இதேதான், எல்லைக் கோட்டைத் தாண்டாதீங்கன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு, சீஃப் மாலிக் தலைமையில ஆர்மி நேரா மலை மேல ஏறித்தான் அடிச்சுது, 527 பேரு உயிரைக் குடுத்தாங்க. சுத்தி வந்து பின்னாடி அடிச்சிருந்தா சுலபமா இருந்திருக்கும்னு பேசாத ஆளு இல்ல. தாண்டல.

நம்ம பக்கத்து சீஃப்களையும் சொல்லித் தாங்க. பி.பி.குமாரமங்கலம், திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், மெட்ராஸ் மாகாணத்துக்கு முதல்வரா இருந்த சுப்பராயனோட மகன். ரெண்டாம் உலகப்போர்ல ஆப்பிரிக்காவுல சண்டை போட்டு டிஎஸ்ஓங்கற வீர விருது வாங்கினவர், பிடிபட்டுக் கைதியாவும் கிடந்தவர். 1966-ல சீஃப் ஆனாரு. 1965 வரைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதே சேலம் ஜில்லாதான், அந்தக் கணக்குல அவரு நம்ம ஜில்லாக்காரர். 1967-ல சிக்கிம் எல்லையில நாதுலாவுல சீனாக்காரனை நம்மாளுங்க திருப்பி அடிச்சப்ப அவருதான் சீஃப். நான் விசாரிச்ச வரைக்கும் எந்த சென்டர் சுவத்துலயும் அவரு படம் இல்ல. அப்புறம் செங்கல்பட்டுல பொறந்த சுந்தர்ஜி, 1986-லருந்து 88 வரைக்கும். டாங்கு, கவசவண்டின்னு ஆர்மியோட முகத்தையே மாத்தினவர். இலங்கைக்கு நம்ம படை போனதும் அவரு காலத்துலதான், அதைப் பத்தி நம்மூர் டீக்கடையில பேச்செடுத்தா ரெண்டு பக்கமும் அடிதடி வரும், நான் ஒண்ணுதான் சொல்வேன், போவச் சொன்னது அரசாங்கம், 1990-ல வாங்கன்னு சொன்னதும் அரசாங்கம், நடுவுல செத்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ரெண்டையும் கேள்வி கேக்கற பாத்தியதை கிடையாது.

சீஃபை யாரு போடறாங்கன்னும் பசங்களுக்குத் தெரியல. கேபினட்டோட நியமனக் குழு. பெரும்பாலும் சீனியாரிட்டி, ஆனா அப்படித்தான்னு சட்டம் இல்ல. 1983-ல எஸ்.கே.சின்ஹாவைத் தாண்டி வைத்யாவைப் போட்டாங்க, சின்ஹா ராஜினாமா பண்ணிட்டுப் பேசாமப் போயிட்டாரு. 2016-ல ரெண்டு பேரைத் தாண்டி ராவத். மூணு வருஷம், இல்ல 62 வயசு, எது முன்னாடி வருதோ அன்னைக்கு வீட்டுக்கு. 2024-ல மனோஜ் பாண்டேவுக்கு ஒரே ஒரு மாசம் நீட்டிப்பு குடுத்தாங்க, அதுக்கே பேப்பர்காரங்க ஆச்சரியமா எழுதினாங்க, ஏன்னா நம்ம ஊர்ல அது ரொம்ப அபூர்வமான விஷயம்.

சிப்பாய் கண்ணுல சீஃப்னா என்னன்னு கேட்டா, சீஃப் விசிட்னு தகவல் வந்தா போதும், ரோட்டோரத்துல இருக்கற கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு, மரத்துக்கெல்லாம் காவி, காஞ்ச புல்லுக்குப் பச்சை பெயின்ட் அடிச்ச கதையெல்லாம் உண்டு. அவரு வந்து ஜவானுங்களை மொத்தமாக் கூட்டற சைனிக் சம்மேளன்ல பத்து நிமிஷம் பேசுவாரு, படா கானாங்கற விருந்துல எங்க கூட உக்காந்து ஒரு பூரி சாப்பிடுவாரு, ஹெலிகாப்டர்ல போயிடுவாரு. அதுக்கப்புறம் எங்க வாழ்க்கை கம்பெனி ஹவில்தார் மேஜர் கையில. உங்க பசங்க வாழ்க்கையும் அப்படித்தான் இருக்கப்போவுது, அதையும் சொல்லி வைங்க.

இன்னொண்ணு, நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் காட்டுக்குக் காடு நடுகல் நிக்குது, தர்மபுரி மியூசியத்துல வரிசையா வெச்சிருக்காங்க. அதுல அதிகமும் கொள்ளை போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காப்பாத்தச் செத்தவன்னு சாதா வீரனுங்களுக்கு நட்டது. அவன் பேரைக் கல்லுல வெட்டின ஊரு இது. உங்க ஃபிளெக்ஸ்ல எல்லாம் நாலு ஸ்டார் ஜெனரல் படம் மட்டும் இருக்கறதைப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது.

என் கோரிக்கை பெருசு ஒண்ணும் இல்ல. நோட்ஸ்ல சிடிஎஸ் வரியையும் கரியப்பா வரியையும் திருத்துங்க. பட்டியலை வெச்சுக்கங்க, பரீட்சைக்கு வேணும்தான், ஆனா கூடவே ஒரே ஒரு கிளாஸ், யாரு யாருக்கு ஆர்டர் குடுக்கறதுன்னு. அக்னிவீர்ல நாலு வருஷத்துல நாலுல மூணு பேரு வெளிய வந்துடுவான், வந்து ஓட்டுப் போடுவான், அப்பவும் இது உதவும்.

கிளாஸ் எடுக்க ஆள் வேணும்னா எங்க ஏரியாவுல எக்ஸ்-சர்வீஸ்மேன் நிறைய பேரு சும்மாதான் இருக்கோம், சொல்லி அனுப்புங்க, ஃபீஸ் எல்லாம் வேண்டாம். தக்காளி சீசன்ல மட்டும் காலையில வர முடியாது, மார்க்கெட் இருக்கும். இன்னொரு யோசனை, ஒரு ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்குப் பதிலா பசங்களை ராயக்கோட்டை மேல ஏத்துங்க, ஓட்டத்துக்கு ஓட்டமும் ஆச்சு, மேல போயி 1791-ஐ அங்கயே நின்னு சொல்லலாம், நான் கூட வர்றேன். தண்ணி மட்டும் கீழயே பிடிச்சுக்கச் சொல்லுங்க, வெயில் ஏறதுக்குள்ள எறங்கிடணும்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து ரிட்டயர்டு ஹவில்தார்